தவக்காலத்தில் ஒரு லாகர்

இத்தாலியின் பலெர்மோவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கோவில்களைப் பற்றியும் கடலைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் அங்கே ஒன்பது நாள் இருந்தேன். அதில் பெரும்பகுதி பார்த்தது ஒரு ஃபிரிட்ஜையும் ஒரு குளியல் தொட்டியையும். இரண்டைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமென்றாலும் சொல்லத் தயார்.

கூப்பிட்டவன் அருள்தாஸ். மன்னார்க்காரன். யாழ்ப்பாணத்தில் விடுதியில் ஐந்து வருசம் அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பலெர்மோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், அவன் வாயில் சின்யோராவின், வீட்டில் வேலை: சமைப்பான், துடைப்பான், மருந்து எடுத்துக் கொடுப்பான். மிச்ச நேரத்தில் போர்கோ வெக்கியோ வட்டாரத்தில் இருக்கும் தன் சின்ன வீட்டில் பியர் காய்ச்சுவான். சின்யோராவை அவருடைய பிள்ளைகள் மிலானுக்குக் கூட்டிப்போக முடிவு செய்துவிட்டார்கள். சின்யோரா போனால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ, அதாவது அங்கே இருப்பதற்கான பத்திரம், புதுப்பிக்க வழியில்லை.

ஒரேயொரு வழி சாரோ. நகரத்து ஓரத்தில், சியாகுல்லியின் மந்தரீன் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு பியர் ஆலை வைத்திருப்பவர். "நீ காய்ச்சின லாகரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. குடிச்சுப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்று வேலை கேட்ட அருளிடம் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு நெருங்கும்போதுதான் சின்யோரா அழத் தொடங்கினார். மிலானில் புது வீட்டில் ஒரு வாரமாவது அருள் கூட நிற்க வேண்டுமாம். அருளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

"மச்சான், நீ லாகர் செய்யிறனி எல்லோ?" என்று போனில் கேட்டான்.

"ஓம்" என்றேன்.

இந்த ஓமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இருப்பது டொரொண்டோவில். லாகர் என்பது பொங்கி முடிந்த பிறகு பல வாரம் உறையாத குளிரில் கிடக்க வேண்டிய பியர். அப்படிக் கிடந்தால்தான் கலங்கல் அடியில் படிந்து, தெளிந்து, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஃபிரிட்ஜ் வேண்டும், அளவு பார்க்க வேண்டும், பொறுமை வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், பீப்பாயைக் கராஜுக்குள் உருட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மிச்சத்தைக் கனடா பார்த்துக்கொண்டது. மார்கழி முழுக்க நான் வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்தேன். பிறகு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிப் படமெடுத்து பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் போட்டேன். நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள். அதில் ஒரு கை அருளுடையது.

"உங்கை ஆயிரம் தமிழர் இருக்கினம். ஏன் என்னைக் கூப்பிடுறாய்?"

"தவக்காலம் மச்சான். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் மட்டும் நான் ஒரு சொட்டும் தொடமாட்டன். எங்கடை ஆக்களும் தொடமாட்டினம். நான் மிலானிலை நிக்கேக்கை பியரைப் பார்த்து ருசி சொல்ல, தவக்காலம் இல்லாத ஒரு சைவக்காரன் வேணும்."

"அங்கையும் சைவக்காரர் இருக்கினம்தானே?"

"இருக்கினம். ஆனா அவைக்கு விஸ்கிதான் தெரியும். நீதானே லாகர் ஆள்."

நாற்பத்தொரு கைதட்டலின் விலை இதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் விமான நிலைய பஸ் என்னைப் பொலிதேயாமா அரங்கத்தடியில் இறக்கிவிட்டது. பெட்டியோடு நின்று மேலே பார்த்தேன். அரங்கத்தின் உச்சியில் வெண்கலக் குதிரைகள் வானத்துக்குள் பாய்கிற மாதிரி நின்றன. கீழே எல்லாரும் நித்திரைக்குப் போகிற ஆட்கள் மாதிரி நடந்தார்கள். கடைகள் பாதி இறங்கிய ஷட்டரோடு கண் சொருகிக் கிடந்தன. டொரொண்டோவில் பங்குனியில் நான் இன்னும் சப்பாத்தில் ஒட்டின, பனிக்குத் தெருவில் தூவும் உப்பைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இங்கே ஒருவர் கையில்லாத பெனியனோடு பல்கனியில் நின்று துளசிக்குத் தண்ணீர் விடுகிறார்.

ரீட்டா அக்கா சாவியோடு வந்திருந்தார். அறுபது வயது. தேவாலயப் பங்கில் தமிழ் ஆட்களுக்கு எந்த விசயம் என்றாலும் இவர்தான். சாமியாருக்கே நேரம் சொல்லிக் கொடுப்பவர் என்று அருள் முன்பே எச்சரித்திருந்தான்.

"நீங்கள்தானோ அந்தக் குடிகாரர்?" என்றார் முதல் வசனத்தில்.

"குடிகாரன் இல்லை அக்கா. ருசி பார்க்க வந்தனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் தொடங்கிறது."

பெட்டியைப் பிடுங்கித் தானே இழுத்துக்கொண்டு நடந்தார். போர்கோ வெக்கியோவுக்குப் பத்து நிமிடம். தெருவுக்கு மேலே தெரு முழுக்க உடுப்பு காய்ந்தது. நடுவில் சின்னச் சந்தை. மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெரிய பச்சைப் பூக்கோவா, அதற்குப் பக்கத்தில் ஒரு நாய், அதற்குப் பக்கத்தில் ஒரு கிழவர், எல்லாம் ஒரே அமைதியில். துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அருளின் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பின்னறையில் ஃபிரிட்ஜ். அது சாதாரண ஃபிரிட்ஜ் இல்லை, ஐஸ்கிரீம் கடைக்காரர் விற்றுவிட்டுப் போனது, ஆளுயரம். உள்ளே தட்டுகள் எல்லாம் கழற்றி, நடுவில் இருபது லீற்றர் சில்வர் பீப்பா ஒன்று தனியாக நின்றது. வெளியே சின்னக் கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 2.0 டிகிரி. அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. கோவில் கர்ப்பக்கிரகத்துக்குள் தவறுதலாக நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். யாரோடும் பேசவில்லை, ஆனாலும் தாழ்த்தினேன்.

குழாயைத் திறந்து அரைக் கிளாஸ் எடுத்தேன். பொன் நிறம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. உடனே மிலானுக்கு, அருளுக்குப் போன் அடித்தேன்.

"எப்பிடி மச்சான் இருக்கு?"

"அருமை. நெய் வாசம்."

அந்தப் பக்கம் கதிரை ஒன்று இழுபட்டது.

"அருள்?"

"என்ன வாசம் எண்டனி?"

"நெய்யடா. உருக்கின நெய். பொங்கலுக்கு மேலை விடுவமே, அது. பியருக்குள்ளை எப்பிடி இதைக் கொண்டு வந்தனி? கெட்டிக்காரன்."

"டேய் சிவம், நீ அதைக் குடிச்சிட்டுச் சிரிச்சனியோ?"

"ரெண்டாம் கிளாசும் எடுத்திட்டன்."

பிறகு அவன் மெதுவாக, செத்தவீட்டுச் செய்தி சொல்கிற குரலில் விளக்கினான். லாகரில் நெய் வாசம் என்பது பெரிய பிழையாம். பியர் பொங்கி முழுசாக முடிய முதல் அவசரப்பட்டுக் குளிர வைத்தால், பொங்க வைக்கிற ஈஸ்ட் தான் போட்ட குப்பையைத் திரும்பத் தின்னாமல் நித்திரைக்குப் போய்விடும். அந்தக் குப்பைதான் என் பொங்கல் நெய். சாரோ எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டார். முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளாஸை வைத்துவிடுவார்.

"சின்யோரா வெளிக்கிட முதல் வேலை முடிய வேணும் எண்டு நான்தான் அவசரப்பட்டுட்டன்" என்றான். "எல்லாம் போச்சு."

"இப்ப என்ன செய்யலாம்?"

"பீப்பாயை வெளியிலை எடு. மூண்டு நாள் அறைச் சூட்டிலை, பதினெட்டு டிகிரியிலை நிக்கட்டும். ஈஸ்ட் முழிச்சு அதைத் தின்னும். பிறகு உடனை குளிருக்குள்ளை வை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் உள்ளை போனா ஞாயிறுக்குச் சரிவரும். ஒரு நாள் பிந்தினாலும் சரிவராது. விளங்குதோ?"

"விளங்குது."

"இன்னொண்டு. பீப்பாயின்ரை தலையிலை ஒரு சின்ன வளையம் இருக்கு. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா இழுத்துவிடு. சூட்டிலை காத்து ஏறும். பயப்பிடாதை."

பயப்பிடாதை என்று ஒருவர் சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். ஞாயிறு காலை வளையத்தை இழுத்தேன். பீப்பா பாம்பு மாதிரிச் சீறியது. அடுத்த கணம் நான் பல்கனியில் நின்றேன். நடந்து போனது ஞாபகமில்லை. எதிர்ப்பக்கப் பல்கனியில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண் என்னவோ கேட்டாள். "சி, சி" என்றேன், அதாவது ஓம், ஓம். எனக்குத் தெரிந்த இத்தாலியன் அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஈஸ்ட் வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போனேன். சந்தை மூலையில் ஒருவன் கடலைமாவைக் காய்ச்சி ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் அடுக்கித் தந்தான். பனெல்லே என்று பேர். எங்கள் ஊர்க் கடலைமா பலெர்மோவுக்கு வந்து பாணுக்குள் படுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நடிக்கிறது. மிளகாய் இருக்கிறதா என்று கையால் காட்டிக் கேட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்தான். இரண்டு தின்றேன். மூன்றாவதை வாங்கி, யாருக்காவது கொடுப்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதையும் தின்றேன்.

பிறகு ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். வெயில் மடியில் பூனை மாதிரிப் படுத்தது. மலை ஒருமுறை இடப்பக்கம் வந்தது, ஒருமுறை வலப்பக்கம் வந்தது. டிரைவர் என்னவோ அறிவித்தார். எல்லாரும் இறங்கினார்கள். அமைதியாக இருக்கிறதே, நல்லது என்று நான் இருந்தேன். பஸ் ஒரு பெரிய வாசலுக்குள் நுழைந்து, நூறு வெறும் பஸ்களுக்கு நடுவில் நின்று, பெருமூச்சு விட்டு அணைந்தது. டிரைவர் எழும்பித் திரும்பிப் பார்த்து என்னைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். நானும் வைத்தேன். தன் சொந்தக் காரில் ஏற்றி வந்து போர்கோவில் விட்டார். வழி முழுக்கப் பேசினார். வழி முழுக்க நான் "சி, சி."

செவ்வாய்க்கிழமை காலை ருசி பார்த்தேன். நெய் போய்விட்டது. சுத்தமான, காய்ந்த வைக்கோல் வாசம் மாதிரி ஒன்று மட்டும் மிச்சம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கவலை. ஆனாலும் போனில் "வெற்றி!" என்று கத்தினேன்.

"பின்னேரம் உள்ளை வை" என்றான் அருள். மூன்று நாளுக்குப் பிறகு அவன் குரலில் உயிர் இருந்தது. "மறக்காதை மச்சான். என்ரை பெர்மெஸ்ஸோ அந்த ஃபிரிட்ஜுக்குள்ளைதான் கிடக்கு."

பின்னேரத்துக்கு நேரம் இருந்தது. துறைமுகப் பக்கம் போய்க் கல்லில் இருந்தேன். காற்று திசை மாறியது. தெற்கிலிருந்து, யாரோ பெரிய அடுப்பு ஒன்றின் கதவைத் திறந்துவிட்ட மாதிரிச் சூடாக வந்தது. வானம் மெல்ல மெல்லக் கோழிமுட்டை மஞ்சள் நிறமானது. கடல் அசைய மறந்தது. மீன்பிடிப் படகுகள் ஒன்றொன்றாக உள்ளே வந்து கட்டப்பட்டன. நின்ற கார்களின் மேலே மெல்லிய சிவப்புத் தூசி, ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த மணல், மா அரித்த மாதிரிப் படிந்தது. எல்லாம் அழகாக இருந்தது. ஷிரோக்கோ என்ற அந்தக் காற்றின் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே மேலிருந்து கீழ் வரைக்கும் மீன்.

மஞ்சளும் உப்பும் பிரட்டி, பைபையாகக் கட்டி, பெட்டிபெட்டியாக அடுக்கி. நடுவில் எலுமிச்சம்பழ வலை ஒன்று. கறுப்புப் பெட்டியில் 7.5. அறைக்குள் பீப்பா, வாசலில் காக்க வைக்கப்பட்ட விருந்தாளி மாதிரி நின்றது. அறைச் சூடு இருபத்தாறு.

பதற்றம் வந்தால் நான் முதலில் செய்வது கதவை மூடிவிட்டு மறுபடி திறப்பது. மறுபடி திறந்தேன். மீன்தான்.

ஓடிப்போய் ரீட்டா அக்காவைக் கூட்டி வந்தேன். அவருக்கு நான் ஏன் மூச்சு வாங்குகிறேன் என்பதே விளங்கவில்லை.

"ஓம், நான்தான் வைச்சனான். வெள்ளிக்கிழமை கோவிலிலை சிலுவைப்பாதைச் செபம் முடியக் கஞ்சியும் மீன்குழம்பும். எண்பது பேர். ஒவ்வொரு தவக்காலமும் அருளின்ரை ஃபிரிட்ஜுக்குள்ளைதான் மீன். அவன் ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை."

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, அக்கா!"

"காத்தைப் பாருங்கோ தம்பி. நாளையிலையிருந்து படகு போகாது. இண்டைக்கு வாங்காட்டி வெள்ளிக்கிழமை எண்பது பேருக்கு வெறுங்கஞ்சி. நேற்று வந்து பார்த்தனான், ஃபிரிட்ஜ் வெறுமையாக் கிடந்துது. பியரை வெளியிலை எடுத்து வைச்சிருக்கிறியள், சரி, வேலை முடிஞ்சுதாக்கும் எண்டு நினைச்சன்."

"முடியேல்லை அக்கா. இப்ப உள்ளை வைக்க வேணும். மீனைக் கொஞ்சம்…"

அவர் இடுப்பில் கை வைத்தார். "தவக்காலத்திலை, சிலுவைப்பாதைக்கு வாற சனத்தின்ரை மீனை வெளியிலை தூக்கி வைச்சுப்போட்டு, உங்கடை பியரைக் குளிர வைக்கவோ? சாமியாரிட்டை நான் என்ன சொல்லுறது?"

அப்போதுதான் வாய் தவறியது. சின்யோரா மிலானுக்கே போய்விடுகிறார் என்பதையும், ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும், ஞாயிற்றுக்கிழமை சாரோ ருசி பார்க்கப்போவதையும், பத்திரம் அதில் தொங்குவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அருள் சொல்லியிருந்தான்.

ரீட்டா அக்கா கட்டில் விளிம்பில் இருந்தார். 

"எங்களுக்கு அவன் சொல்லேல்லை" என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் பூசையிலை எனக்குப் பக்கத்து வாங்கிலைதான் இருக்கிறவன். சின்யோரா சுகமோ எண்டு கேட்டா, சுகம் அக்கா எண்டுறவன்."

பிறகு எழும்பிச் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"குடிச்சாத்தான் பாவம். குளிர வைக்கிறது பாவமில்லை. அந்தக் குளியல் தொட்டியைக் கழுவுங்கோ. நான் பீனோவிட்டைப் போட்டு வாறன்."

பீனோ சந்தை மீன்காரன். நாற்பது வயது, கழுத்தில் சங்கிலி, சத்தம் போட்டே பேசுவான். நாளைக்கு அவனிடம் மீன் இருக்காது. ஆனால் ஐஸ் மெஷின் மட்டும் தன் பாட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். நாலு பெட்டி ஐஸைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்து, தொட்டியைப் பார்த்து என்னவோ கேட்டான்.

"ஆர் செத்தது எண்டு கேக்கிறான்" என்றார் அக்கா.

"என்ன சொன்னீங்கள்?"

"இன்னும் இல்லை எண்டு சொன்னன்."

பீப்பாயைத் தொட்டிக்குள் நிறுத்தி, சுற்றிவர ஐஸ் கொட்டி, அக்கா இரண்டு கிலோ உப்பைத் தூவினார். மீன்காரருக்குத் தெரிந்த வித்தை அது: உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் குளிரும். புதன் காலை தெர்மாமீற்றர் 1.5. கனடா கராஜில்கூட நான் இவ்வளவு சரியாகக் குளிர வைத்ததில்லை.

இரகசியம் புதன்கிழமை மத்தியானத்துக்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. வியாழன் காலை ரீட்டா அக்காவோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள், ஆளுக்கொரு ஐஸ் வாளியோடு. வேலைக்குப் போகிற வழியாம். பீப்பாயை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தொட்டிக்கு மேலே கையால் சிலுவை அடையாளம் போட்டாள்.

"பியருக்கோ அக்கா சிலுவை?" என்றேன்.

"அருளுக்கு" என்றாள் அவள்.

குளியலறை வாசலில் கதிரை போட்டுச் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தொடங்க மற்ற இருவர் முடிப்பார்கள். பத்துச் செபத்துக்கு ஒருக்கால் ஒருத்தி எழும்பி ஒரு வாளி ஐஸ் கொட்டுவாள். யன்னலுக்கு வெளியே மஞ்சள் வெளிச்சம். ஐஸ் உள்ளுக்குள் டக், டக் என்று வெடித்தது. மங்கள வார்த்தைச் செபமும் ஐஸும் மாறி மாறி, தண்ணீருக்கடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. அவர்கள் எழும்பிப் போகும்போது அக்கா சொன்னார்: "தண்ணி கூடிப்போச்சு. கொஞ்சத்தை இறக்கிப்போட்டு, அடைப்பை மூடி, மிச்ச ஐஸைக் கொட்டுங்கோ தம்பி. சரியோ?"

"சரி."

அடைப்பைத் திறந்தேன். தண்ணீர் இறங்கட்டும் என்று ஒரு நிமிடம் கதிரையில் இருந்தேன். ஒரே ஒரு நிமிடம். செபம் இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. சூடான காற்று கன்னத்தைத் தடவியது. கனவில் நான் ஒரு பெரிய, தெளிந்த, பொன் நிறக் கடலில் மிதந்தேன். அடியில் ஈஸ்ட் எல்லாம் வெள்ளை மணலாக அமைதியாகப் படுத்திருந்தது. அதில் ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

முழித்தபோது பின்னேரம் ஐந்து மணி. தொட்டி காய்ந்து கிடந்தது. பீப்பா தனியாக வியர்த்துக்கொண்டு நின்றது. மிச்ச ஐஸ் பெட்டிக்குள்ளேயே தண்ணீராகியிருந்தது. தெர்மாமீற்றர் பதின்மூன்று.

முதலில் தெர்மாமீற்றரைத் தட்டிப் பார்த்தேன். பிறகு பீப்பாய்க்கு வாயால் ஊதினேன். ஐம்பத்துநாலு வயது மனிதன், சூடான வாயால், இருபது லீற்றர் பியருக்கு. பிறகு படியிறங்கி ஓடினேன். பீனோவின் கடைக்கு முன்னால் நின்று, எனக்கு ஐஸ் என்ற சொல் தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினேன். அந்தச் சூட்டில் ஒருவன் நடுங்கினால் காய்ச்சல் என்று நினைப்பார்கள்தானே? பீனோ என்னைக் கதிரையில் இருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் ஐஸ் மெஷினைக் கட்டிப்பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

பொழுதுபடும்போது மறுபடி இரண்டு டிகிரி. அருள் போனில் கேட்டான்: "எவ்வளவிலை நிக்குது?"

"ரெண்டு."

"இடையிலை ஒருக்காவும் ஏறேல்லையே?"

"சீச்சீ."

பொய் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இத்தாலியன் பழக்கத்தில் இரண்டு சி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எண்பது பேர் மீன்குழம்பு சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ஃபிரிட்ஜ் காலியானது, பீப்பா உள்ளே போனது. சனி பின்னேரம் அருள் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். பங்கு முழுக்கத் தன் கதை தெரியும் என்பது அவனுக்குப் படியிலேயே விளங்கிவிட்டது. கீழ்வீட்டு இத்தாலியக் கிழவிகூட அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"ஆரிட்டையும் சொல்லாதை எண்டனான்."

"மீன் சொல்ல வைச்சுது மச்சான்."

அவன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பீப்பாயின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான். வைத்தபடியே நின்றான்.

ஞாயிறு பூசை முடிய, பீனோவின் மூன்று சக்கர லாப்பாவில் புறப்பட்டோம். எங்கள் ஊர் ஓட்டோவுக்குப் பின்னால் சின்னப் பெட்டி பூட்டினால் அது லாப்பா. முன்னால் பீனோவும், நெருக்கிக்கொண்டு ரீட்டா அக்காவும். பின்பெட்டியில் ஐஸுக்கு நடுவில் பீப்பா, அதன் இரண்டு பக்கமும் நானும் அருளும், காலை மடித்துக்கொண்டு, மீன் செதில் ஒட்டின ஞாயிற்றுக்கிழமைச் சேட்டோடு. ஷிரோக்கோ ஓய்ந்திருந்தது. நகரம் மெல்லக் கழன்றுபோய்த் தோட்டம் வந்தது. இலை கறுத்த மரங்களில் மந்தரீன்கள் விளக்குப் போட்ட மாதிரி. சுவருக்கு மேலால் வாசம் வந்து மீன் நாற்றத்தோடு கை கோர்த்துக்கொண்டது. பகல் கனவு மாதிரி ஒரு பயணம். எனக்குள் மட்டும் பதின்மூன்று டிகிரி.

"அருள்…" என்று தொடங்கினேன்.

"என்ன?"

லாப்பா ஒரு குழியில் விழுந்து எழும்பியது. பீப்பாயை இருவரும் கட்டிப்பிடித்தோம். சொல்ல வந்தது போய்விட்டது.

சாரோ மெலிந்த மனிதர். சூட்டிலும் கம்பளித் தொப்பி. பழைய பழக்கிடங்கு ஒன்றில் நாலு பெரிய பியர்த் தாங்கிகள், ஈரத் தரை. கை கொடுத்தார், பேசவில்லை. தானே ஒரு கிளாஸ் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்னொரு கிளாஸ் பிடித்து அருளிடம் நீட்டி என்னவோ சொன்னார்.

"நீயும் குடி எண்டுறார்" என்று அக்கா என் காதில் சொன்னார்.

அருள் தலையை ஆட்டினான். ஈஸ்டர் வரைக்கும் இல்லை என்றான்.

"குடிக்காமல் உனக்கு இது எப்படியென்று எப்படித் தெரியும்?" என்று சாரோ கேட்டார்.

அருள் கிளாஸை வாங்கி வாசலுக்கு நடந்தான். வெயிலில் பிடித்தான். சரித்தான். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினான். பிறகு கிளாஸைக் காதில் வைத்துக் கேட்டான். திரும்பி வந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தான். அக்கா எனக்குச் சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டு போனது.

"நெய் வாசம் இருந்தது, போய்விட்டது. அது என் அவசரத்தின் பிழை. ஆனால் இது முழுசாகத் தெளியவில்லை. மெல்லிய புகார் மாதிரிக் கலங்கல் ஒன்று நிற்கிறது. இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் இது சில மணித்தியாலம் சூடாகியிருக்கிறது. படிந்த ஈஸ்ட் எழும்பியிருக்கிறது. இன்னும் பத்து நாள் அசையாமல் குளிரில் கிடக்க வேண்டும். இன்றைக்கு என்றால் இதை நான் யாருக்கும் விற்க மாட்டேன்."

கிடங்குக்குள் எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது.

"நான்தான்" என்றேன் தமிழில், எல்லாருக்கும் பொதுவாக. "வியாழக்கிழமை. நித்திரையாப் போனன். அடைப்பை மூடேல்லை. பதின்மூண்டு டிகிரி."

அருள் என்னைப் பார்த்தான். "தெரியும்" என்றான். "ரெண்டு எண்டு நீ சொன்ன வேகத்திலையே தெரியும்."

"தெரிஞ்சுமோ வந்து இவருக்கு முன்னாலை சொன்னனி?"

"சொல்லாட்டி அவருக்குத் தெரியாதோ? அவர் முதல் வாயிலையே கண்டிட்டார்."

அக்கா இத்தாலியனில் சாரோவிடம் வேகமாக என்னவோ மன்றாடினார். என்னைக் காட்டினார், தலையில் அடித்தார், மறுபடி என்னைக் காட்டினார். சாரோ கையை உயர்த்தி நிறுத்தினார். கிளாஸில் மிச்சத்தைக் குடித்தார். அவர் பேசியதை அக்கா பிறகுதான் முழுசாகச் சொன்னார். இதற்கு முன் மூன்று பேர் வேலைக்கு வந்தார்களாம். மூன்று பேரும் தாங்கியிலிருந்தே குடித்தார்களாம். கூழ் மாதிரிக் கலங்கியிருந்தாலும் கண்ணாடி மாதிரித் தெளிவு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்களாம்.

ஆனால் அப்போது எங்களுக்குக் கேட்டது ஒரு சின்னக் கேள்விதான். சாரோ அருளின் காலைப் பார்த்துக் கேட்டார்.

அருள் விளங்காமல் நின்றான். அக்காவும் விளங்காமல் மொழிபெயர்த்தார்: "சப்பாத்து என்ன அளவு எண்டு கேக்கிறார்."

"நாற்பத்தொண்டு" என்றான் அருள், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி.

சாரோ உள்ளே போய் முழங்கால் உயர வெள்ளை றப்பர் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். நாற்பத்திரண்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மேசு, அதாவது காலுறை, போடு என்றார். திங்கட்கிழமை பத்திரங்களைக் கொண்டு வா என்றார்.

ரீட்டா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பீனோ தொப்பியைக் கழற்றினான். அருள் ஈரத் தரையில் குந்தி, ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தைக் கழற்றி, றப்பர்ச் சப்பாத்துக்குள் காலை விட்டான். முதல் தடவை கால் மாறிப்போனது. எழும்பி நின்று இரண்டு அடி நடந்து பார்த்தான். சளக், சளக். பிறகு பீப்பாயைத் தனியாகத் தூக்கிக்கொண்டு குளிரறைக்கு நடந்தான்.

நான் பின்னால் ஓடினேன். "மச்சான், பத்து நாள் எண்டனி எல்லோ? நான் என்ரை பிளேன் ரிக்கற்றை மாத்திக்கொண்டு நிக்கட்டோ? நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவன் குளிரறைக் கதவைப் பிடித்தபடி திரும்பினான். ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"நீ ஒண்டையும் தொடாதை" என்றான்.

போய் மந்தரீன் மரத்தடியில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.